நூல்நிலையம் என்னும் ஊர்மன்றம்

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து இருப்புப்பாதைகள் வந்து கூடுகின்றன. சென்னைக்கு ஒன்று, விருத்தாசலத்தின் வழியே திருச்சிராப்பள்ளிக்கு ஒன்று, கடலூர், மயிலாடுதுறை வழியே தஞ்சை நாட்டுக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. அங்கிருந்து வடக்கே, திண்டிவனத்தில் நெடுஞ்சாலைகள் பிரிகின்றன. புதுச்சேரி செல்வோரும், செஞ்சி வழியே திருவண்ணாமலை செல்வோரும் வழி மாறுவது அவ்விடத்தில்தான். ஆகவே இவ்விரண்டும் வருவோரும் போவோரும் காத்திருப்போரும் மிகுந்த ஊர்கள். காத்திருப்போர் எங்கே அமர்கின்றனர் என்று ஒருநாள் உற்றுநோக்குக. தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்தவர் ஒரு தேநீரேனும் வாங்க வேண்டும். கோயில் மண்டபத்திலும் தேவாலய முற்றத்திலும் அமர்ந்தவர் அவ்வவ்விடத்து வழிபாட்டு முறைக்குக் கட்டுப்பட வேண்டும். புகைவண்டி மேடையில் அமர்தற்கும் சீட்டு வேண்டும். காசு கொடாமல், காரணம் கூறாமல், 'நீ யார், என்ன குலம்' என்னும் வினாவுக்கு விடை பகராமல், கூரையின்கீழ் ஒருவர் மணிக்கணக்காக அமர்ந்திருத்தற்கு உரிமையுடைய இடம் நம் ஊர்களில் ஏறக்குறைய ஒன்றே உளது. அது பொது நூல்நிலையம்.

நூல்களின் அருமை பெருமைகளைப் பேசும் கட்டுரைகள் பல உண்டு. யான் எழுதப் புகுந்தது நூல்களைப் பற்றியன்று. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் சுவர், வாயில், சாளரம், நாற்காலி ஆகியவற்றைப் பற்றி. நூல்நிலையத்தை ஊரார் கூடும் மன்றமாக ஆக்குவதும், பூட்டிய களஞ்சியமாக ஆக்குவதும் பெரும்பாலும் இவையே என்பது என் துணிபு.

நம் முன்னோர்க்குப் பொதுவிடங்கள் இல்லாமல் இல்லை. திண்ணை, சாவடி, மண்டபம், ஆலமரத்தடி என்று பலவிருந்தன. வழிப்போக்கன் இராத் தங்கவும், முதியோர் ஊர்க்கதை பேசவும், பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகவும் திண்ணை இடந்தந்தது. அதன் அழகைப் பாராட்டாதார் இலர். ஆனால் எத்தெருத் திண்ணையில் எவர் அமரலாம், எவர் தெருவிலேயே நடத்தலாகாது என்பதும் அக்காலத்தில் வரையறுக்கப்பட்டிருந்தது. இவ்வுண்மையை மறைத்துத் திண்ணையைப் புகழ்தல் முறையன்று. பொது நூல்நிலையம் திண்ணையின் நிழலையும் காற்றையும் ஏற்றுக்கொண்டு, அதன் வரையறையை மட்டும் விலக்கிய இடமாதல் வேண்டும். இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராயிருந்தபோது 1948 ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் பெறப்படுகின்றது; இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. திண்டிவனத்தில் ஓர் ஓட்டுவீட்டுக்கு வரி செலுத்துபவரும் தம் ஊர் நூல்நிலையத்தின் பங்காளியே. ஆதலின் அவர் உள்ளே புகுவது தம் வீட்டுக்குள் புகுவது போன்றதாம்.

எனினும் புகத் தயங்குவோர் பலர். ஏன்?

ஒரு சிற்றூரில் சிறுவனாய் இருந்த காலத்து யான் சென்ற கிளை நூலகம் இன்றும் கண்ணில் நிற்கின்றது. இரும்புக் கம்பிக் கதவு; அதையடுத்து உயரமான மேசை; மேசைக்கு அப்பால் கண்ணாடிக் கதவுள்ள அலமாரிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. நூலின் முதுகிலுள்ள பெயரைக் கண்ணாடி வழியே படித்துப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவர் கடிந்து பேசுபவர் அல்லர். ஆயினும் அம்மேசையைக் கடந்து பேசும் துணிவு எனக்கு வர இரண்டு மாதமாயிற்று. என்னைத் தடுத்தது மனிதர் அல்லர், மரமும் கம்பியும் கண்ணாடியுமே என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

இத்தகைய பூட்டுகளுக்கு எதிராக நம் நாட்டில் முதன்முதல் முறையாக வாதித்த பெரியார் சீர்காழி இரா. அரங்கநாதனார். 1892 ஆம் ஆண்டிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஆனால் அவ்விதிகளை அவர் முதலில் அவையோர் முன் எடுத்துரைத்தது 1928 டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில். அந்நாளில் சிதம்பரம், விழுப்புரம், திண்டிவனம் மூன்றும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. நம் மாவட்டத்து மண்ணிலேயே பிறந்த கொள்கை என்று நாம் சற்றுப் பெருமை கொள்ளலாம். மிஷன் கல்லூரி மாணவர்க்கு மற்றொரு பெருமையும் உண்டு. முதல் விதியின் சொல்லுருவைத் தமக்கு எடுத்துக்கொடுத்தவர் கிறித்தவக் கல்லூரியில் தம் கணித ஆசிரியராயிருந்த எட்வர்டு ராஸ் துரையே என்று அரங்கநாதனார் நன்றியோடு குறித்துள்ளார்.

நூல் பயன்பாட்டுக்கே உரியது என்பது அம்முதல் விதியின் கருத்து. கேட்பதற்கு எளிய இவ்வுரையைக் கட்டடக் கலைஞனிடம் கொடுத்தால் கட்டடமே மாறிவிடும். நூல் பயன்பட வேண்டுமாயின் நூல்நிலையம் ஊருக்கு வெளியே அமைதி தேடி நிற்றல் தகாது. கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில் நிற்க வேண்டும். அலமாரிக்குப் பூட்டு ஆகாது; வாசகர் தாமே அடுக்குகளிடையே உலவி எடுக்க வேண்டும். அவ்வாறு உலவுதற்கு அடுக்குகளுக்கு இடையே இருவர் ஒதுங்கிச் செல்லும் அகலம் வேண்டும். சராசரி உயரமுடையார் வெறுங்காலோடு தரையில் நின்று கைநீட்டினால் எட்டாத உயரத்தில் நூல் இருத்தல் கூடாது. ஏணி வைத்து ஏறும் அடுக்கு காட்சிக்கு அழகே தவிரப் பயனுக்கு அன்று. ஐந்தாம் விதியோ நூல்நிலையம் வளரும் உயிர் என்பது. வளரும் உயிருக்கு வளர இடம் வேண்டுமன்றோ? நூலகம் கட்டும்போதே பக்கத்தில் வெற்றுநிலம் விடுதல் வேண்டும். கடைகளின்மேல் மாடியில் ஓர் அறையை ஒதுக்கி நூலகம் என்று பெயர்ப்பலகை மாட்டும் வழக்கம் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் முதல் விதியும் ஐந்தாம் விதியும் ஒருங்கே மீறப்படுகின்றன. படியேற இயலாத முதியோர் வருகை அதனோடு நின்றுபோகின்றது.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணாற் காண விரும்புவோர் விழுப்புரத்தில் வண்டியேறி எழும்பூரில் இறங்கினாற் போதும். சிறிது தொலைவிலேயே கன்னிமாரா நூலகம் உள்ளது. ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த அதன் பழைய மண்டபம் 1896 டிசம்பர் 5 ஆம் நாள் திறக்கப்பட்டது. வளைந்த உயர்கூரை, வண்ணக் கண்ணாடிச் சாளரம், தேக்கு மர அடுக்குகள், செதுக்கு வேலை ஆகியன கண்டு வியவாதார் இலர். யானும் வியந்தேன், வியந்துகொண்டே குரலைத் தாழ்த்தினேன், பின் ஒரு நூலையும் எடாமல் வெளியே வந்தேன். அம்மண்டபம் நம்மைப் பணிவிக்கின்றது. கல்வியின்முன் பணிதல் நன்றே. ஆனால் முதன்முறை வரும் உழவர் மகள் ஒருத்தி அங்கே தன் செருப்பைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பாள் என்பதையும் மறத்தலாகாது.

பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் ஓடி என்னும் நூலகம் திறக்கப்பட்டதும், தற்செயலாக, ஒரு டிசம்பர் 5 ஆம் நாளே, ஆண்டு 2018. அது நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்கின்றது. மூன்று தளங்கள். கீழ்த்தளம் திறந்த ஊர்ச்சதுக்கம் போன்றது. நடுத்தளத்தில் தையல் இயந்திரம் முதலிய கருவிகளும் கூடிப் பணிசெய்யும் அறைகளும் உள்ளன. நூல்கள் பெரும்பாலும் மேல்தளத்தில்தான். மூன்றில் ஒரு பங்கே நூலுக்கு என்றால் அது நூலகமா என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு விடை நம் மாவட்டத்திலேயே உண்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் ஊரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கின்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி அக்கோயிலை ஆக்கியதை அவன் கல்வெட்டில் பெருமையுடன் பொறித்துவைத்தான். கல்லை அடுக்கி அவன் கட்டவில்லை, கல்லை நீக்கினான். நீக்கியதால் உண்டான வெற்றிடமே கோயிலாயிற்று. நூலகக் கட்டடத்திலும் சுவரை விட, அடுக்கை விட, மனிதர்க்காக ஒழித்துவைத்த வெற்றிடமே விலையுயர்ந்தது.

நம் நாட்டில் இவ்வெற்றிடத்தைத் தாராளமாக வைத்த நூலகம் சென்னைக் கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம். 8 ஏக்கர் நிலத்தில் 9 தளங்களோடு 2010 செப்டம்பர் 15 ஆம் நாள் அது திறக்கப்பட்டது. 12 இலட்சம் நூல்கள் வைக்கத்தக்கது. கண்பார்வையற்றோர்க்குப் பிரெயில் பிரிவும், சிறுவர்க்குத் தனிப் பிரிவும், பெரிய அரங்கமும், திறந்தவெளி அரங்கும் உண்டு. இவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது தரைத்தளத்துச் சிறிய ஏற்பாடு ஒன்று. வாசகர் தம் சொந்த நூலைக் கொண்டுவந்து படிப்பதற்கு அங்கே தனிப்பகுதி அமைத்துள்ளனர். நூலகத்தின் நூல் ஒன்றையும் தொடாமல் நூலகத்தைப் பயன்படுத்துவோர்க்கு இடமளித்தது பெருந்தன்மை மட்டுமன்று. நம் இல்லங்களின் நிலையறிந்த செயல். ஓரறை வீட்டில் தாய் சமைக்க, தொலைக்காட்சி முழங்க, தம்பி அழ, அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு வேண்டுவது நூலன்று. அது அவள் பையில் உளது. அவளுக்கு வேண்டுவது ஒரு மேசை, ஒரு விளக்கு, நான்கு மணி நேர அமைதி.

இங்கே ஒரு சிக்கல் எழுதலையும் சொல்லவேண்டும். தேர்வுக்குப் படிப்போர் காலையிலேயே வந்து எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிட்டால், நாளிதழ் படிக்க வரும் முதியவரும், கதைநூல் தேடி வரும் சிறுவனும் நின்றபடியே திரும்புவர். சில நூலகர் இவ்விளைஞரை வாசகராகவே மதிப்பதில்லை. யான் அவர் பக்கம் நில்லேன். வேலையில்லாத ஓர் ஊரில் வேலைக்காகப் படிப்பதைக் குறைவாகப் பேசுதல் வயிறு நிறைந்தவர் வழக்கம். ஆனால் நூலகம் முழுவதும் தேர்வுக்கொட்டகையாகிவிடுதலும் கூடாது. இது கட்டடத்தால் தீர்க்க வேண்டிய வழக்கு, கடுஞ்சொல்லால் தீராது. ஒலியின் அளவை வைத்து இடங்களைப் பிரித்தல் வேண்டும்: வாயிலை ஒட்டி நாளிதழும் சிறுவர் பகுதியும், அதாவது பேச்சும் சிரிப்பும் பொறுக்கும் இடம், நடுவே நூலடுக்குகள், கடைசியில் நீண்ட மேசைகளோடு பேச்சற்ற கூடம். நெருங்க அடுக்கிய நூல்கள் ஒலியை வாங்கிக்கொள்வதால் நடுவிலுள்ள அடுக்குகளே ஒரு சுவர்போல் உதவும். தனிச்சுவர் எழுப்பும் செலவும் குறையும்.

அண்ணா நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதென்று 2011 நவம்பரில் அரசு அறிவித்ததும், சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் பலரும் அறிந்தன. அதில் அரசியலைப் பேச இது இடமன்று. கட்டடக் கலை கூறுவதொன்று உண்டு. நூலகம் எந்தக் கட்டடத்துக்கும் இடம் பெயர்க்கக்கூடிய சரக்கு அன்று. இந்தியத் தர விதிகளின்படி குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ சுமை தாங்கினாற் போதும். நூலடுக்கு அறையின் தளமோ குறைந்தது 600 கிலோ தாங்க வேண்டும். காகிதம் அவ்வளவு கனமுடையது.

கட்டடமும் நூலும் மக்களும் எவ்வளவு ஒன்றிவிடக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1930களில் ஒரு தனிமனிதர் முயற்சியிற் தொடங்கி, வாடகை அறையில் வளர்ந்து, பிறகு நகரசபையின் கைக்கு வந்தது அவ்வூர் நூலகம். அதற்கெனச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சாயலில் மாளிகை வரைந்தார். நூலக அமைப்புக்கு அரங்கநாதனார் அறிவுரை கூறினார். லாங் அடிகளார் என்னும் கத்தோலிக்கத் துறவி பெரிதும் உழைத்தார். 1954 இல் அடிக்கல் நட்டு 1959 இல் திறந்தனர். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஓர் ஊர் தன் வீட்டார் இறந்ததுபோல் அழுதது என்று முதியோர் சொல்வர். சாம்பலானவற்றுள் மறுபடி வாங்கக்கூடிய நூல்களும் பல. அவ்வழுகை நூலுக்கு மட்டுமன்று. நாள்தோறும் தாங்கள் சென்று அமர்ந்த இடத்துக்கும் ஆகும். பின்னர் அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் கட்டியதற்கும் காரணம் அதுவே போலும்.

இனி நம் ஊர்களின் வெயிலுக்கும் மழைக்கும் வருவோம். விழுப்புரமும் திண்டிவனமும் வடக்கே ஏறத்தாழ 12 பாகை அகலக்கோட்டில் உள்ளன. ஆதலால் ஏப்ரல் பிற்பகுதியில் ஒருமுறையும் ஆகஸ்டு பிற்பகுதியில் ஒருமுறையும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கின்றான்; இடைப்பட்ட மாதங்களில் வடபுறம் சாய்ந்தே செல்கின்றான். மேனாட்டு நூல்கள் வடக்குச் சாளரத்தில் வெயிலே படாது என்று கூறும். அது அவர்கள் நாட்டுக்கு உண்மை, நமக்கு அன்று. எனினும் நண்பகலில் சூரியன் மிக உயரத்தில் நிற்பதால், வடக்கிலும் தெற்கிலும் மூன்றடித் தாழ்வாரம் நீட்டினாற் பெரும்பகுதி வெயில் தடுபட்டுவிடும். அஞ்ச வேண்டியது மேற்கு. மாலைவெயில் தாழ்ந்து நேரே நுழையும், காகிதத்தை மஞ்சளாக்கும், வாசகரை எழுப்பிவிடும். ஆகவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, மேற்குச் சுவரில் சாளரமின்றி, அப்பக்கத்தில் படிக்கட்டும் கழிப்பிடமும் அமைய வேண்டும். பிற்பகலில் கிழக்குக் கடலிலிருந்து வரும் காற்றுக்கு வழிவிட்டால் குளிர்சாதனம் இன்றியே பல மாதங்கள் கழியும். குளிர்சாதனத்தை மட்டும் நம்பிச் சாளரங்களை அடைத்த கட்டடம், மின்சாரம் நின்ற நொடியே வாசகரை வெளியேற்றும்.

மழையோ வேறு பாடம் கற்பித்தது. 2024 நவம்பர் 30 ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புர வட்டாரத்தில் வீடுகளும் கடைகளும் நீரில் நின்றன. இந்நிலத்தில் நூலகம் கட்டுவோர் தரையைத் தெருவினும் நன்கு உயர்த்த வேண்டும். உயர்த்தினால் படி வரும். படி வந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் நிற்பர். ஆதலின் உயரம் எத்தனை அடியோ அதன் பன்னிரண்டு மடங்கு நீளமுள்ள சாய்தளம், வாயிலின் முன்புறத்திலேயே, பின்கட்டில் மறைவாக அன்று, அமைதல் வேண்டும். இரண்டடி உயரத்துக்கு 24 அடி. இதற்கான நிலத்தை வரைபடத்திலேயே ஒதுக்காதவர்கள் பிறகு ஒருபோதும் ஒதுக்கமாட்டார்கள். கீழ்வரிசை நூல்கள் தரையினின்று ஒரு சாண் மேலேயும், அடுக்குகள் சுவரைத் தொடாமலும் இருப்பின் கரையானுக்கும் ஓதத்துக்கும் ஓரளவு தப்பலாம்.

பெண்கள் வருகையைப் பற்றிப் பேசுவோர் தனி மேசை போடுவதோடு நின்றுவிடுகின்றனர். எனக்குத் தோன்றுவது வேறு. தூய்மையான கழிப்பிடம், குடிநீர், தெருவிலிருந்து வாயில்வரை அணையாத விளக்கு, உள்ளே இருப்போரைத் தெருவில் செல்வோர் காணும்படியான சாளரம் இவை நான்கும் இருந்தால் தனி மேசையின் தேவை தானே குறையும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! இம்முறை ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் கொண்டு உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குச் செல்லுங்கள். வாயிலில் எத்தனை படிகள், சாய்தளம் உண்டா, மேலடுக்கு எவ்வளவு உயரம், மேற்கே எத்தனை சாளரங்கள், நாற்காலிகள் எத்தனை, மாலை 5 மணிக்கு நிற்போர் எத்தனை பேர் என்று குறியுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்துவர எத்தனை நிமிடம் என்பதையும் கணக்கிடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நூலக ஆணைக்குழு ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பெயரும் நாளும் இட்டு அக்கணக்கை அதற்கு அனுப்பலாம். ஒரு படியை அங்கே விட்டுச் சென்றால் நூலகருக்கும் பயன்படும்.